கெட்டவன் கதையை ஏன் பார்க்கிறாய்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லவன் என்று சட்டென்று சொல்லிவிட முடியாத ஆட்களைச் சுற்றி ஓடும் தொடர்கள் என்றால் எனக்குப் பைத்தியம். சிலவற்றை மூன்று முறைகூடப் பார்த்திருக்கிறேன். அதனால் வீட்டிலும் வேலை இடத்திலும் நண்பர்கள் கூடும்போதும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான் வருகின்றன. எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை இதை நீட்டிவிடலாம் அல்லவா? கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். முடிவுகளை மறைக்காமல்தான் பேசுவேன். எந்தத் தொடரையாவது பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தால் அதன் பெயர் வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

கொலைகாரன், கடத்தல்காரன் கதையெல்லாம் எப்படித்தான் ரசிச்சுப் பார்க்கிறியோ?

இது என் அத்தை கேட்டது. ஒருவன் பக்கத்தில் இருப்பது வேறு, அவன் பக்கம் நிற்பது வேறு. கேமரா ஒரு ஆளோடு படுக்கையறை வரை போகிறது. பொய் சொல்வதற்கு முன்னால் அவன் எச்சில் விழுங்குவதைக் காட்டுகிறது. மனைவிக்குக்கூடத் தெரியாத ரகசியத்தை நமக்குச் சொல்லிவிடுகிறது. இத்தனை மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்த பிறகு, போலீஸ் கதவைத் தட்டினால் நமக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அதை வைத்து நாம் அவன் செய்ததை ஒப்புக்கொண்டோம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் எப்போது பக்கம் நிற்பவர்களாக மாறினோம் என்பது நமக்கே தெரிவதில்லை. பத்தாவது எபிசோடில் அவனுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருப்போம். அந்தக் கோட்டை எங்கே தாண்டினேன் என்று தேடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. கீழே பல பதில்களில் இந்த இரண்டு சொற்களும் திரும்ப வரும்.

சுத்தி வளைக்காம சொல்லு, இவன் ஹீரோவா வில்லனா?

கதாநாயகன். கதை யார் தலைமேல் ஓடுகிறதோ அவன். அவன் நல்லவனாகவும் இருக்க வேண்டும் என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

ஒரே ஒரு எபிசோட் சொல்லுங்க. பார்த்துட்டு எனக்கு ஒத்துவருமான்னு முடிவு பண்ணிக்கிறேன்.

'தி சொப்ரானோஸ்' முதல் சீசனின் ஐந்தாவது எபிசோட், 'காலேஜ்'. எச்.பி.ஓ.வில் 1999 பிப்ரவரியில் வந்தது. நியூ ஜெர்சி மாஃபியாக்காரன் டோனி, மகள் மெடோவைக் கல்லூரிகள் பார்க்க மெய்ன் மாநிலத்துக்குக் காரில் அழைத்துப் போகிறான். வழியில் ஒரு முகம் கண்ணில் படுகிறது. பழைய கூட்டாளி, போலீசிடம் காட்டிக் கொடுத்துவிட்டு வேறு பெயரில் குடும்பத்தோடு ஒதுங்கி வாழ்பவன். மகளைக் கல்லூரியில் நேர்காணலுக்கு இறக்கிவிட்டு வந்து, டோனி அவன் கழுத்தை வயரால் இறுக்கிக் கொல்கிறான். பிறகு மகளை அழைத்துப் போக வருகிறான். கையில் காயம். மகள் என்ன என்று கேட்கிறாள், அவன் பொய் சொல்கிறான்.

படைத்த டேவிட் சேஸுக்கும் சேனல் தலைமைக்கும் இந்தக் கொலையை வைத்து வாக்குவாதமே நடந்தது. கதாநாயகன் தன் கையாலேயே ஒருவனைக் கொன்றால் பார்ப்பவர்கள் வெறுத்துவிடுவார்கள் என்பது சேனலின் பயம். இப்படிப்பட்டவன் காட்டிக் கொடுத்தவனைக் கண்டும் விட்டுவிட்டால் அவனை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது சேஸின் பிடிவாதம். சேஸ்தான் ஜெயித்தார். அந்த எபிசோடின் எழுத்துக்கு எம்மி விருதும் கிடைத்தது.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கொலையை அல்ல, காரில் நடக்கும் பேச்சை. அப்பா, நீங்கள் மாஃபியாவா என்று மகள் நேராகவே கேட்கிறாள். முதலில் மறுக்கிறான், பிறகு கொஞ்சம் ஒப்புக்கொள்கிறான். அந்தப் பாதி உண்மைக்கே அவன்மேல் நமக்குப் பாசம் வந்துவிடுகிறது. அந்தப் பாசம் இன்னும் ஆறாதபோதுதான் வயர் வருகிறது. இந்த எபிசோடைப் பார்த்து முடித்ததும் அடுத்ததைப் போடத் தோன்றினால் இந்த வகைத் தொடர்கள் உங்களுக்கு ஒத்துவரும்.

இவனைவிட மோசமான ஒருத்தன் எப்பவும் கூடவே இருக்கானே, அது ஏன்?

நம்மை உட்கார வைக்கத்தான். மேலே சொன்ன வாக்குவாதத்தில் சேஸ் ஒரு சமரசத்துக்கு ஒப்புக்கொண்டார். ஒளிந்து வாழும் அந்தப் பழைய கூட்டாளி, டோனியைத் தீர்த்துக்கட்ட ஆள் தேடுவதாக ஒரு காட்சி சேர்ந்தது. அவனும் லேசுப்பட்டவன் இல்லை என்று காட்டியதும் தராசு கொஞ்சம் டோனி பக்கம் சாய்ந்துவிட்டது. பார்த்தீர்களா, எவ்வளவு சின்ன எடைக்கல்!

இதே வேலையை எல்லோரும் செய்கிறார்கள். 'பிரேக்கிங் பேட்' தொடரில் போதைப்பொருள் காய்ச்சும் வேதியியல் ஆசிரியன் வால்டர் ஒயிட்டைச் சுற்றி டூக்கோ, பிறகு டாட், கடைசியில் ஒரு நாஜிக் கூட்டம். 'டெக்ஸ்டர்' இன்னும் வெளிப்படை: அவன் கொல்வதே பெரும்பாலும் கொலைகாரர்களை. இன்னொரு தந்திரம் திறமை. ஒரு வேலையைப் பிசிறில்லாமல் செய்பவனைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அது என்ன வேலை என்பது இரண்டாம்பட்சம் ஆகிவிடும். ஒருவன் உங்களுக்குப் பிடித்துப்போனால், அவனுக்குப் பக்கத்தில் யாரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

வால்டர் ஒயிட் பாவம்தானே? புற்றுநோய், பணம் கிடையாது. குடும்பத்துக்காகத்தானே செஞ்சான்?

இதை என்னிடம் கேட்காதவர்களே இல்லை. பதில் முதல் சீசனிலேயே இருக்கிறது. ஐந்தாவது எபிசோடில் பழைய நண்பன் எலியட் வேலை தருகிறேன், மருத்துவக் காப்பீடும் உண்டு என்கிறான். சிகிச்சைச் செலவை நாங்களே ஏற்கிறோம் என்று எலியட்டின் மனைவி கிரெச்சனும் சொல்கிறாள். வால்டர் மறுத்துவிட்டுப் போதைப்பொருள் காய்ச்சப் போகிறான். குடும்பம்தான் காரணம் என்றால் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

இரண்டாவது சீசன் தொடங்கும்போது மனக்கணக்குப் போடுகிறான்: வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சேர்த்து 7,37,000 டாலர் போதும். அந்தத் தொகையை எங்கேயோ தாண்டிப் போன பிறகும் அவன் நிறுத்தவில்லை. 2013 செப்டம்பரில் வந்த கடைசி எபிசோடில் மனைவி ஸ்கைலரிடம் அவனே சொல்லிவிடுகிறான்: எனக்காகத்தான் செய்தேன், பிடித்திருந்தது, நன்றாகச் செய்தேன். 62 எபிசோட் கழித்து அவன் ஒப்புக்கொண்டதை நம்மில் சிலர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜேன் செத்தப்போ அவன் ஒண்ணுமே செய்யலையே. அது எப்படிக் கொலையாகும்?

ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான் குற்றச்சாட்டே. விஷயம் தெரியாதவர்களுக்கு: இரண்டாவது சீசன், 12ஆவது எபிசோட், 'பீனிக்ஸ்'. வால்டரின் தொழில் கூட்டாளி ஜெஸ்ஸியும் அவன் காதலி ஜேனும் ஹெராயின் ஏற்றிக்கொண்டு தூங்குகிறார்கள். ஜெஸ்ஸிக்குச் சேர வேண்டிய 4,80,000 டாலரைத் தராவிட்டால் காட்டிக் கொடுப்பேன் என்று ஜேன் வால்டரை மிரட்டியிருக்கிறாள். வால்டர் அவர்கள் அறைக்குள் வந்து ஜெஸ்ஸியை எழுப்பப் பிடித்துக் குலுக்குகிறான். அந்த அசைவில் ஜேன் மல்லாந்து விழுகிறாள். வாந்தி வந்து மூச்சடைக்கிறது. வால்டர் ஓடிப் போகிறான், கை நீளுகிறது. பிறகு நின்றுவிடுகிறான்.

கை வைத்துக் கொல்லவில்லையே என்கிறீர்கள். சரி. ஆனால் அவளை மல்லாக்கப் போட்டது அவன் குலுக்கியதுதான். அதைவிட முக்கியமாக, அதே எபிசோடில் பிறந்து சில நாளே ஆன தன் மகளைத் தொட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் துணி முட்டுக் கொடுக்கிறான். குழந்தை கக்கினால் மூச்சு முட்டக் கூடாதே! மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் என்ன ஆகும், என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஊரிலேயே அன்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. எழுதியவர்கள் அந்தத் தொட்டிலைச் சும்மா வைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்லும் என்று என் நண்பன் ஒருவன் வாதாடுவான். இடத்துக்கு இடம் சட்டம் மாறும், எனக்கு அதில் அக்கறையும் இல்லை. நான் பார்ப்பது அந்தச் சில நொடிகளில் வால்டரின் முகம் மாறுவதை. முதலில் பதற்றம், அப்புறம் கணக்கு, அப்புறம் அழுகை. நடுவில் வந்த அந்தக் கணக்கை நானும் சேர்ந்து போட்டேன். இவள் போனால் தொல்லை விட்டது என்று எனக்கும் தோன்றியது. அப்போதுதான் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று புரிந்தது. பிறகு ஜேனின் அப்பா துக்கத்தோடு வேலைக்குத் திரும்புகிறார். அவர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். இரண்டு விமானங்கள் மோதி 167 பேர் சாகிறார்கள். இது கொஞ்சம் மிகைதான் என்று பலர் சொல்வார்கள், நானும் சொல்வேன்.

ஸ்கைலரைக் கண்டாலே எரிச்சலா வருது. புருஷனை நச்சரிச்சுக்கிட்டே இருக்கா. உங்களுக்கு வரலையா?

முதல் முறை பார்த்தபோது வந்தது. இரண்டாம் முறை, அவள் என்னதான் கேட்கிறாள் என்று கவனித்தேன். எங்கே போனாய், யார் போன் செய்தது, இந்தப் பணம் ஏது. கணவன் திடீரென்று நாள்கணக்கில் காணாமல் போனால் யாரும் கேட்கிற கேள்விகள்தான். நமக்கு விடை முன்பே தெரியும், அவளுக்குத் தெரியாது. நாம் வால்டரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அவள் கேட்கும்போதெல்லாம் நாம் சேர்ந்து மாட்டிக்கொள்வதுபோல் இருக்கிறது. எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. அவளும் உத்தமி இல்லை. பிறகு அந்தப் பணத்தை வெள்ளையாக்கித் தருபவளே அவள்தான். ஆனால் யாரும் அதற்காக அவளைத் திட்டிக் கேட்டதில்லை. அவள் கணவனைக் கேள்வி கேட்டதற்காகத்தான் திட்டினார்கள்.

அந்த வெறுப்பு திரைக்குள் நிற்கவும் இல்லை. நடித்த அன்னா கன் மீதே பாய்ந்தது. 2013 ஆகஸ்டில் அவரே நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அதே வேடத்துக்கு எம்மி வாங்கினார்.

கெட்டவனா இருந்தாலும் ஒரு கொள்கை இருந்தா பரவாயில்லை, இல்லையா? ஓமர் மாதிரி?

'தி ஒயர்' பார்த்த எல்லோருக்கும் ஓமர் லிட்டிலைப் பிடிக்கும். எனக்கும்தான். பால்டிமோர் தெருக்களில் துப்பாக்கியோடு திரிந்து போதை வியாபாரிகளை மட்டும் கொள்ளையடிப்பவன். சாதாரண ஜனங்கள் மீது கை வைக்க மாட்டான், கெட்ட வார்த்தை பேச மாட்டான். நீதிமன்றத்தில் வியாபாரிகளின் வக்கீல், நீ போதைத் தொழிலை உறிஞ்சி வாழ்கிறவன் என்று மடக்கப் பார்க்கிறார். என்னிடம் துப்பாக்கி, உன்னிடம் பெட்டி, அவ்வளவுதானே வித்தியாசம் என்கிற மாதிரி அவன் திருப்பிக் கொடுக்கிறான். வக்கீலுக்குப் பேச்சு வரவில்லை. கைதட்டத் தோன்றும் காட்சி.

ஆனால் ஒரு கொலையை நேரில் பார்த்ததாக அவன் கூண்டில் ஏறி நின்று சொன்ன சாட்சியம் உண்மையா? நீ நிஜமாகவே பார்த்தாயா என்று போலீஸ்காரர் கேட்கும்போது நேரான பதில் வராது. அவனுக்கு வேண்டியிருந்தது தன் காதலனைக் கொன்றவர்கள்மேல் பழி. கொள்கை என்பது அவன் தனக்கு வரைந்துகொண்ட கோடு. வேண்டும்போது அதை நகர்த்தவும் அவனுக்குத் தெரியும். மூன்றாவது சீசனில் ஒரு துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு தெருப் பிள்ளைகள் நான்தான் ஓமர், நான்தான் ஓமர் என்று அடித்துக்கொண்டு விளையாடுகிறார்கள். கடைசி சீசனில் கடையில் நிற்கும் ஓமரைச் சுட்டுக் கொல்வது ஒரு பொடியன். கொள்கை இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும் முன் அந்த விளையாட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

போலீஸே கெட்டவனா இருந்தா? அவன் ஊருக்கு நல்லதும் செய்றானே?

'தி ஷீல்டு', 2002. முதல் எபிசோட் முடியும்போது விக் மேக்கி தன் குழுவில் வேவு பார்க்க வந்த சக போலீஸ்காரரைச் சுட்டுக் கொல்கிறான். அதற்குப் பிறகு ஏழு சீசன்களில் அவன் காப்பாற்றாத குழந்தை இல்லை, பிடிக்காத ரவுடி இல்லை. ஒவ்வொரு தடவையும் நாம் அந்த முதல் கொலையைக் கொஞ்சம் மறக்கிறோம். தொடர் மட்டும் மறப்பதில்லை.

இங்கே பக்கத்தில் ஒரு மோசமானவனை நிறுத்தும் பழைய தந்திரத்தைவிட (மேலே சொன்னேன்) வலுவான ஒன்று வேலை செய்கிறது: பலன். ஆள் பயன்படுகிறான், அதனால் பொறுத்துக்கொள்கிறோம். அவனுடைய மேலதிகாரியும் அதையேதான் செய்கிறார், தன் பதவிக்காக.

இதையெல்லாம் பார்த்தா மனசு கெட்டுப்போகாதா?

பார்ப்பதால் யாரும் போய்க் கொலை செய்யப் போவதில்லை. ஆனால் எதுவுமே ஆகாது என்றும் நான் சொல்ல மாட்டேன். இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1971இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. ஆர்ச்சி பங்கர் என்ற குடும்பத் தலைவர் கறுப்பினத்தவரையும் யூதர்களையும் பெண்களையும் வாய்க்கு வந்தபடி பேசுவார். தயாரித்த நார்மன் லியர் காட்ட நினைத்தது அந்த வெறுப்பின் அசட்டுத்தனத்தை.

நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்ப்பவர்களிடம் விசாரித்து 1974இல் முடிவை வெளியிட்டார்கள். வெறுப்பு உள்ளவர், இல்லாதவர் என இரு தரப்பும் சிரித்தார்கள். ஆனால் மனதில் ஏற்கெனவே வெறுப்பு இருந்தவர்கள் ஆர்ச்சியை மெச்சுவதும், வாதத்தில் ஜெயிப்பது அவர்தான் என்று நினைப்பதும் கூடுதலாக இருந்தது. ஒரே காட்சியைப் பார்த்து ஒருவர் ஆர்ச்சியைக் கேலி செய்து சிரித்தார், இன்னொருவர் அவரோடு சேர்ந்து சிரித்தார். ஆகவே மனசு கெடுமா என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: எந்த இடத்தில் சிரித்தீர்கள்?

கடைசியில தண்டனை கிடைக்கணும்ல? இல்லேன்னா என்ன நியாயம்?

ஹாலிவுட்டில் 1934 முதல் 1968 வரை கடுமையாக நடப்பில் இருந்த தணிக்கை விதிகள், குற்றவாளி பலன் அனுபவிக்காமல் போகக் கூடாது என்றே வைத்திருந்தன. படம் முழுக்க ஆட்டம் போட்டவன் கடைசிப் பத்து நிமிடத்தில் குண்டடி பட்டுச் சாவான். அதில் என்ன நியாயம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கணக்குத் தீர்த்த திருப்தியோடு எழுந்து போகலாம், அவ்வளவே.

எனக்குப் பிடித்த முடிவுகள் மூன்று. விக் மேக்கிக்குச் சிறை கிடையாது. எல்லாக் குற்றங்களையும் ஒப்புக்கொண்டு வழக்கிலிருந்து விலக்கு வாங்கிவிடுகிறான். கிடைப்பது ஒரு மேசை, ஒரு கணினி, தினமும் அறிக்கை எழுதும் வேலை. முன்னாள் மனைவி, பிள்ளைகள் எங்கே என்று அவனுக்குத் தெரியாது. சிறையைவிட எனக்கு அது பயமாக இருந்தது. 'பெட்டர் கால் சால்' 2022இல் முடிந்தபோது, பேசிப் பேசியே தண்டனையைச் சில ஆண்டுகளாகக் குறைத்துவிட்ட வக்கீல், முன்னாள் மனைவி கிம் முன்னால் உண்மையைச் சொல்லித் தானாகவே 86 ஆண்டை வாங்கிக்கொள்கிறான். மூன்றாவது, 2007 ஜூனில் டோனி சொப்ரானோ குடும்பத்தோடு உணவகத்தில் உட்கார்ந்திருக்கும்போது திரை திடீரென்று இருண்டது. கேபிள் போய்விட்டதோ என்று பலர் நினைத்தார்களாம். டோனி செத்தானா என்று என்னிடம் கேட்காதீர்கள். தினமும் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிற வாழ்க்கை என்ன என்பதை அந்தக் காட்சி ஏற்கெனவே காட்டிவிட்டது.

ஒரு ஈயைத் துரத்துற எபிசோட் இருக்கே, அதைத் தாண்டிடலாமா?

'பிரேக்கிங் பேட்' மூன்றாவது சீசன், பத்தாவது எபிசோட். பட்ஜெட் இடித்ததால் கிட்டத்தட்ட முழுக்க ஒரே அரங்குக்குள் எடுத்தது. பிடிக்காதவர்கள் நிறைய. ஜேன் விஷயம் உங்களை உறுத்தியிருந்தால் தாண்டாதீர்கள். தூக்க மருந்து மயக்கத்தில் வால்டர் ஜெஸ்ஸியிடம் ஜேனைப் பற்றி எங்கே உளறிவிடுவானோ என்று அந்த ஒரு மணி நேரமும் பயந்துகொண்டிருப்போம். உறுத்தாவிட்டால் தாண்டிக்கொள்ளுங்கள்.

பாதியில நிறுத்திட்டேன். தாங்க முடியல. நான் கோழையா?

இல்லை. நானும் சிலதை நிறுத்தியிருக்கிறேன். கொடுமையைக் காட்டும்போது கேமரா அதை ருசிக்கிறது என்று தோன்றினால் அணைத்துவிடுவேன். 'சொப்ரானோஸ்' ஐந்தாவது சீசனில் டோனி கூட்டத்து ஒருவனின் காதலி ஏட்ரியானா தவழ்ந்து சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறாள்; குண்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. இதற்குமேல் எனக்கு எதுவும் காட்ட வேண்டியதில்லை.

டாக்டர் மெல்ஃபி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டோனி அந்த ஆளைத் துண்டு துண்டா வெட்டியிருப்பான். ஏன் சொல்லல? நானா இருந்தா சொல்லியிருப்பேன்.

இதுதான் எனக்கு மிகவும் கஷ்டமான கேள்வி, அதனால் கடைசியில் வைத்தேன். மூன்றாவது சீசன், நான்காவது எபிசோட், 2001. டோனியின் மனநல மருத்துவர் மெல்ஃபியை ஒருவன் வாகன நிறுத்துமிடப் படிக்கட்டில் பலாத்காரம் செய்கிறான். பிடிபடுகிறான். சாட்சியப் பொருளைப் போலீஸ் கையாண்டதில் நடந்த தவறால் விடுதலையும் ஆகிறான். ஒரு கடையில் அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று அவன் படம் சுவரில் தொங்குவதை அவள் பார்க்கிறாள். சட்டம் கைவிட்டுவிட்டது. எதிரே வாரந்தோறும் உட்கார்ந்திருப்பவனோ கண்ணசைத்தால் போதும்.

எபிசோட் முடியும் நேரம். அவள் அழுகிறாள், டோனி பதறி எழுந்து வருகிறான். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறான். நான் முதல் முறை பார்த்தபோது, சொல், சொல் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் அத்தை இருந்தார், முதல் கேள்வி கேட்ட அதே அத்தை. அவரும் அப்போது திரையைப் பார்த்துக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

மெல்ஃபி இல்லை என்கிறாள். திரை இருள்கிறது. அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பைத்தியக்காரி, என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.